வண்டுக்குள் வண்டு

அத்தியாயம் 9

காலையில் லாக்கப்பில் முத்துமாலையின் கையைப் பார்த்ததிலிருந்து டெல்பினுக்குப் பசிக்கவில்லை. விரல் பத்தும் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி வீங்கிக் கிடந்தன. அப்படியும் அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தான்.

"ஒத்துக்கிட்டேன்க்கா. ஒத்துக்கிட்டா அடி நிக்கும்னாங்க. நின்னுட்டு."

சாயங்காலம் அவனை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். "நான்தான் ரெக்சனைக் கொன்றேன்" என்று அங்கேயும் ஒரு தடவை சொல்லிவிட்டான் என்றால் பிறகு கடவுளே வந்தாலும் கதவைத் திறக்க முடியாது.

இத்தனைக்கும் அவன்மேல் இருந்த சாட்சி ஒரு சைக்கிள். ரெக்சனின் சைக்கிள் முத்துமாலை வீட்டு முற்றத்தில் நின்றது. "அவருதான் ரெண்டு நாளைக்கு வச்சிக்கோன்னு குடுத்தாரு" என்று அவன் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்டிப் பெருக்கி, ராத்திரி காவலுக்குப் படுத்துக்கொள்கிறவன் சொன்னால் யார் எழுதுவார்கள்?

அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில்தான் இப்போது டெல்பினும் அவள் முதலாளி, தனியார் துப்பறிவாளர் ஞானசிகாமணியும் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டையில், நூர்முகம்மதின் டீக்கடைக்கு மேல் மாடி. பெயர் 'அலை கம்ப்யூட்டர்ஸ்'. இரண்டு பேர் கூட்டு. ஒருத்தன் உவரிக்காரன் ரெக்சன். இன்னொருத்தன் கணக்குப் பேராசிரியர் பஞ்சாபகேசனின் மகன் ஸ்ரீவத்ஸன். போன வாரம் சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே பாறை இடுக்கில் ரெக்சன் மிதந்தான். பின்மண்டை பிளந்திருந்தது.

ஞானசிகாமணியை இந்தக் கேஸுக்குக் கூப்பிட்டது பஞ்சாபகேசன்தான். மகன் இன்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் பறக்கிறான். 'கூட்டாளி செத்தான், இவன் ஊரை விட்டுப் போறான்' என்று நாலு பேர் பேசிவிடக்கூடாது. "நன்னா விசாரிச்சு, என் பையன் அன்னிக்கு மெஷின் முன்னாடியேதான் இருந்தான்னு எழுதிக் குடுங்கோ" என்றார்.

"அண்ணாச்சி, இது முடியுததுக்குள்ள எனக்குக் கலியாணமே ஆயிரும் போலிருக்கே" என்றாள் டெல்பின், திரையைப் பார்த்தபடி.

மேலேயிருந்து கீழே ஒவ்வொரு கோடாக, தறியில் சேலை இறங்குவது போலப் படம் இறங்கிக்கொண்டிருந்தது. நீலம், பச்சை, சிவப்பு வளையங்கள். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வண்டு படுத்திருப்பது போல ஓர் உருவம். இதற்குப் பெயர் ஃப்ராக்டல். ஒரு சின்னக் கணக்கு. அதே கணக்கைத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் பார்த்து, அந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று மெஷின் முடிவு பண்ணும். இந்தப் பழைய மெஷினுக்கு ஒரு படம் முடிய நாற்பது நிமிஷம்.

"எங்க அப்பச்சி இந்நேரத்துல பாதி வலையைப் பின்னிருவாரு."

"உங்க அப்பச்சி வலையில மீன்தான் மாட்டும். இதுல ஒரு அலிபி மாட்டியிருக்கு" என்றார் ஞானசிகாமணி. பழைய ஏட்டு. டிபார்ட்மென்ட்டை விட்டு வெளியே வந்து ஆறு வருஷமாகியும் உட்காரும்போது இல்லாத லத்தியைத் தொடையில் வைப்பது போலத்தான் உட்காருவார்.

படம் முடிந்ததும் வண்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்து துடித்தது. அம்புக்குறி பொத்தான்களால் கட்டத்தை நகர்த்தி, பிடித்த இடத்தில் வைத்து அழுத்தினால் அந்த இடம் பெரிதாகி அடுத்த படமாக வரும். ஆள் இருந்து இடம் காட்டாவிட்டால் மெஷின் அப்படியே நிற்கும், எருமை தண்ணீரில் நிற்பது போல.

ஸ்ரீவத்ஸனின் அலிபி இதில்தான் இருந்தது. அன்றைக்கு மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு மணிவரை ஒன்பது படம் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் அதற்கு முந்தின படத்துக்குள் தோண்டினது. ஒன்பது நாற்பது, ஆறு மணி நேரம். ரெக்சனை மூன்று மணிக்கு உயிரோடு பார்த்தவர்கள் சுத்தமல்லியில் இருக்கிறார்கள். நாலு மணிக்கு ஆடு மேய்க்கிறவன் பிணத்தைப் பார்த்தான். மெஷின் முன்னால் இருந்தவன் அங்கே எப்படிப் போவான்?

"முந்தின நாளே படத்தைப் போட்டு வச்சிருந்தா?" என்று டெல்பின் கேட்டாள்.

பதில் டீயோடு படியேறி வந்தது. நூர்முகம்மது கிளாஸ்களை வைத்துவிட்டு, "நடக்காதும்மா. அந்தப் பெட்டி அன்னைக்கு மதியம்தான் மதுரையிலேருந்து ரிப்பேர் முடிஞ்சு வந்துச்சு. நானும் லாரிக்காரனும்தான் தூக்கியாந்தோம். உள்ள இருந்த எல்லாம் அழிஞ்சு போச்சு, புதுசா தட்டு போட்டிருக்காங்கன்னு அந்த ஐயர் தம்பி சொன்னாரு" என்றார்.

போலீஸ் கைப்பற்றின ஃப்ளாப்பியில் படம் எதுவும் இல்லை. படம் போடும் ப்ரோக்ராம் மட்டும்தான் இருந்தது.

"பிரிண்டர் சத்தம் கேட்டுதா, பாய்?" என்று ஞானசிகாமணி கேட்டார்.

"கேக்காமலா? தகரத்தை அறுக்குத மாதிரில்லா கத்தும். சாயங்காலம் மஃரிப் பாங்குக்கு முன்னால ஒரே மூச்சா கத்துச்சுவே. கடைக்கு வந்தவன் வடை கேட்டானா பீடி கேட்டானான்னே எனக்கு விளங்கல."

"ஒவ்வொரு படமும் முடிய முடிய அடிக்கலியா?"

"இல்ல. கடைசியிலதான்."

"எல்லாத்தையும் சேத்து வச்சி அடிச்சேன்னு பையனும் அதைத்தான் சொல்லுதான்" என்றாள் டெல்பின். "ஒத்துத்தானே போகுது."

இன்ஸ்பெக்டர் அகமது மீரான் ஒருநாள் இரவலாகக் கொடுத்திருந்த ஒன்பது தாளையும் ஞானசிகாமணி மேஜையில் பரப்பினார். முதல் தாளில் பெரிய வண்டு. இரண்டாவதில் அதன் ஓரம். மூன்றாவதில் சுருள். நாலு, ஐந்து, ஆறில் சுருளுக்குள் சுருள், நூலுக்குள் நூல். ஏழாவது தாளில் திரும்பவும் ஒரு வண்டு. அடி ஆழத்தில் கிடைத்த குட்டி. எட்டும் ஒன்பதும் அந்தக் குட்டியின் ஓரமும் சுருளும்.

"உள்ள போகப் போக அதே உருவம்தான் திரும்பத் திரும்ப வரும், அதுதான் இதோட அழகுன்னு ஸ்டேட்மென்ட்ல சொல்லியிருக்கான்" என்றாள் டெல்பின். "பனங்காயை வெட்டுனா உள்ள இன்னொரு பனங்காய். நல்ல வியாபாரம்."

ஞானசிகாமணி முதல் தாளையும் ஏழாவது தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன அண்ணாச்சி பாக்கிய?"

"தாளு நல்ல தாளு" என்று மடித்துப் பைக்குள் வைத்தார். "கிளம்பு. பேராசிரியர் வீட்டுக்குப் போவோம்."

டெல்பினின் டி.வி.எஸ். ஐம்பது இரண்டு பேரையும் சுமந்துகொண்டு டவுனைத் தாண்டி முக்கி முனகிச் சிந்துபூந்துறை வந்து சேர்ந்தது.

வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் கயிறு கட்டி நின்றன. பஞ்சாபகேசனின் மனைவி கோமு ரயிலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஸ்ரீவத்ஸன் தலை வாரிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்து, "ரிப்போர்ட் ரெடியா, சார்?" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு. டெல்பினுக்குக்கூட அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அப்பாகிட்ட கேட்டா போதும்" என்றார் ஞானசிகாமணி.

பஞ்சாபகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம். சந்தேகம் என்று யாராவது சொன்னால் போதும், அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"கேளுங்கோ, கேளுங்கோ."

"நான் எட்டாங்கிளாஸ் சார். எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. இந்த ரெண்டு தாள்ல எது தாய் வண்டு, எது குட்டி வண்டு? கலந்து போச்சு. ரிப்போர்ட்ல மாத்தி எழுதிட்டா அசிங்கமில்லா."

தாள்களுக்குப் பின்பக்கம்தான் போலீஸ்காரர்கள் நீலப் பென்சிலில் நம்பர் போட்டிருந்தார்கள். ஞானசிகாமணி முன்பக்கத்தை மட்டும் காட்டி நீட்டினார்.

பஞ்சாபகேசன் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். மகன் போட்ட படங்களை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்கே எல்லாம் போலீஸுக்குப் போய்விட்டன.

"ரெண்டுமே தாய்தான்" என்றார்.

"அப்படியா?"

"சந்தேகமே இல்லை. வேற ஒரு தாளை மறந்து வெச்சுட்டு வந்திருக்கேள். இப்படி வாங்கோ, பாருங்கோ. குட்டி ஒருநாளும் தனியா நிக்காது. ஒரு நூலால தாயோட ஒட்டிண்டேதான் இருக்கும். அதைச் சுத்தி கொடி கொடியா, வலை வலையா ஓடிண்டிருக்கும். தாயைச் சுத்தித்தான் இப்படி வெட்டவெளி. இதுலயும் வெட்டவெளி, அதுலயும் வெட்டவெளி. இன்னொண்ணு, ஓரத்துல கிடைக்கிற குட்டி சாஞ்சுதான் கிடக்கும். இது நிமிர்ந்து படுத்திருக்கு பாருங்கோ." விரலால் வண்டைத் தடவிக் காட்டினார். "எவ்வளவு அழகான விஷயம் தெரியுமோ? பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா ஒண்ணு இல்லை."

ஞானசிகாமணி குனிந்து ஒரு தாளைத் திருப்பினார். பின்னால் 1. இன்னொன்றைத் திருப்பினார். பின்னால் 7.

ஏழு தாய் என்றால் எட்டும் ஒன்பதும் இரண்டும் மூன்றும்தான். முதல் மூன்று படத்தையே இன்னொரு தடவை அச்சடித்து, ஆழத்தில் கிடைத்தது என்று வைத்திருக்கிறான். போலீஸ்காரனுக்கு எது தெரியப் போகிறது? மூன்று படம் மிச்சம், இரண்டு மணி நேரம் மிச்சம். சைக்கிளில் சுத்தமல்லி போய் வரலாம். ஒரு மண்டையைப் பிளக்கவும் நேரம் இருக்கும்.

ஜன்னலில் பிடித்தபோதே ஞானசிகாமணிக்குத் தெரியும். 'அப்படித்தான் வரும்' என்று பையன் சொன்னால் இல்லை என்று அடித்துச் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளைத் தேடித்தான் வண்டியை இங்கே விடச் சொல்லியிருக்கிறார்.

கோமு வாழையிலை மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

பஞ்சாபகேசன் ஏழு என்ற நம்பரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் செய்த காரியத்தை டெல்பின் எதிர்பார்க்கவில்லை. சிரித்தார்.

"மாத்தி அடிச்சுட்டான். அவ்வளவுதான். வேணும்னு இல்லை. அவனுக்கு இதுல அவ்வளவு ஞானம் கிடையாது, சார்."

"அப்படிங்கியளா?"

"ஆமா. ஏழாவது படம் எப்படி இருக்கணும்னு அவனுக்குத் தெரியாது. பழசைத் திரும்ப அடிச்சுட்டு, அதுதான் குட்டின்னு நம்பிட்டான். தெரியாம பண்ணின தப்பு." அதோடு அவர் நிறுத்தவில்லை. "அவனுக்குக் கணக்கே சுமார்தான். நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்."

உள்ளறையில் சீப்பு நின்றது.

"அதான் நானும் நினைச்சேன்" என்றார் ஞானசிகாமணி, பைய, வெற்றிலை மடிப்பது போல. "ப்ரோக்ராம்கூட ரெக்சன் எழுதினதுன்னுதான் பேட்டையில பேசிக்கிடுதாங்க. தம்பி சும்மா பக்கத்துல உக்காந்திருந்ததாம்லா."

அப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை. டெல்பின் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மயிரும் அசையவில்லை.

பஞ்சாபகேசன் அந்தக் கயிற்றைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ஆமா, ஆமா. எல்லாம் அந்தப் பையன் மூளைதான். ரெக்சன்தான் எழுதினான். எனக்கே தெரியும். இவனுக்கு அதெல்லாம் வராது. இவன் அசடு, சார். என் பையன் அசடு."

"யாருப்பா எழுதினது?"

ஸ்ரீவத்ஸன் வாசற்படியில் நின்றான். தலை பாதி வாரியிருந்தது.

"நீ உள்ள போ."

"யாரு எழுதினதுன்னு கேக்கறேன்."

"வத்ஸா, பேசாதே. உள்ள போ."

"அவன் டைப் அடிச்சான். டைப் அடிச்சா அவனுதாயிடுமா? மீன்காரன் பிள்ளைக்கு இது என்னன்னாவது தெரியுமா? நீங்களே இப்படிச் சொன்னா..." அவன் முகம் சிவந்து கிடந்தது. "இந்த ப்ரோக்ராமைக் காட்டித்தான் எனக்கு சீட்டே கிடைச்சுது. அமெரிக்காவுக்கு லெட்டர் போடறேங்கறான். பாதி என்னோடதுங்கறான். நான் சிரிச்சேன். நிஜமாவே போடுவேன்னான்."

"வத்ஸா."

"குட்டிக்கு நூல் உண்டுன்னு எனக்குத் தெரியாதா? சாஞ்சு கிடக்கும்னு எனக்குத் தெரியாதா? அசடாம். டயம் இருந்திருந்தா சரியாப் போட்டிருப்பேன்பா."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே காதில் விழுந்தது.

"எதுக்கு டயம் இல்லாம போச்சு, தம்பி?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அகமது மீரான். தாள்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஐந்து மணிக்கு இந்த வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார் ஞானசிகாமணி. மீரான் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து கொடியில் காயும் வேட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ஸ்ரீவத்ஸன் ஓடவில்லை. அப்பாவைப் பார்த்தான். "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே ஆகணுமாப்பா உங்களுக்கு?" என்றான். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்கள். கோமு புளியோதரைப் பொட்டலத்தோடு வாசல்வரை போனாள். வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. இரண்டு கையையும் அவர்கள் பிடித்திருந்தார்கள்.

மீரான் திரும்பி வந்தார். "ஞானம், பையன் போலீஸ்காரன் காதுல சொன்னது கோர்ட்டுல செல்லாது. வக்கீலை வச்சா நாளைக்கே இல்லைம்பான். சாரு எழுதிக் குடுத்தாத்தான் இந்தத் தாளுக்கு உயிரு. இல்லேன்னா நான் முத்துமாலையைத்தான் கொண்டு போகணும். மேல கேக்குதாங்க."

"அவன் கையைப் பாத்தியளா சார் நீங்க?" என்றாள் டெல்பின்.

மீரான் அவளைப் பார்க்கவில்லை.

ஞானசிகாமணி அவள் பக்கம் திரும்பினார். "எழுது, டெல்பின். சாரு சொன்னதை."

ஞானசிகாமணி சொல்லச் சொல்ல எழுதினாள். ஏழாவது தாளும் முதல் தாளும் ஒரே படம். 'சிறிய உருவம் பெரும்பாலும் நூல் போன்ற கோடுகளால் பெரிய உருவத்தோடு இணைந்திருக்கும்.' அந்த இடத்தில் அவள் பேனா நின்றது. பெரும்பாலும் என்று பேராசிரியர் சொல்லவில்லையே. ஒருநாளும் தனியாக நிற்காது என்றல்லவா சொன்னார்? நிமிர்ந்தாள். ஞானசிகாமணி கண்ணாலேயே எழுது என்றார். எழுதினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பஞ்சாபகேசன்.

"போட வேண்டாம் சார். படிச்சு மட்டும் பாருங்க."

"போடாதீங்கோ" என்றாள் கோமு. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "பெத்தவர் நீங்க. உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போடாதீங்கோன்னா."

"போடலை, கோமு. போட மாட்டேன்."

அவர் தாளை வாங்கினார். படித்தார். டெல்பின் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரி வரியாக இறங்கின கண் ஓர் இடத்தில் நின்றது. தாண்டிப் போனது. திரும்ப அங்கேயே வந்தது. உதடு அசைந்தது. சட்டைப் பையில் கை போனது.

வேண்டாம் சார் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. லாக்கப்பில் பார்த்த விரல்கள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

பஞ்சாபகேசன் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அடித்தார். மேலே 'எப்போதும்' என்று எழுதினார். அடித்த இடத்தில் ஓரமாகச் சுருக்கொப்பம் வைத்தார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தின கை. அடுத்த வரியில் ஒரு தப்பு. அதையும் திருத்தினார், அங்கேயும் சுருக்கொப்பம். அதற்கடுத்த வரி. அந்தப் பேனா தாளின் அடிவரை நிற்கவே இல்லை. அடியில் அவர் பெயருக்கு நேரே கையெழுத்துக்காக வெறுமையாக ஓர் இடம் இருந்தது. அதையும் நிரப்பிவிட்டுத்தான் மூடியைப் போட்டார். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவர் முகத்துக்குத் தெரிந்தது.

ஞானசிகாமணி தாளுக்காகக் கையை நீட்டினார்.

அதற்குள் கோமு வந்து அவருக்கும் கணவருக்கும் நடுவில் நின்றாள். தாளைப் பிடுங்குவாள் என்று டெல்பின் நினைத்தாள். பிடுங்கவில்லை. கணவரின் மூக்கிலிருந்து நழுவியிருந்த கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிச் சரிசெய்தாள்.

"எல்லாம் சரியா இருக்கான்னு இன்னொரு தரம் பாத்துடுங்கோ" என்றாள்.

அவர் பார்த்தார்.